காசு குடுத்து வாங்குன நட்சத்திரம்

ஏலே தம்பி, இங்கன வா. நீ ஒரு நட்சத்திரத்தை விலைக்கு வாங்கிட்டியாமே, நெசமா? மூணாவது மாடிப் பிள்ளைக்குப் பொறந்தநாள் பரிசாம். அவ பேரையே அதுக்கு வெச்சாச்சாம். தங்கக் கரை போட்ட சர்ட்டிபிகேட்டு, அதுக்கு ஒரு பிரேமு. கொல்கத்தா லேக் கார்டன்ஸ் பூரா இதே பேச்சுடே. காலையில மீன் வாங்கப் போனா அங்கயும் விண்மீன் பேச்சுதான் ஓடுது.

சந்தோசம். ஒண்ணே ஒண்ணு கேக்கேன். பத்திரம் எந்த ஆபீஸ்ல பதிஞ்சே? வில்லங்கம் போட்டுப் பாத்தியா? இதே நட்சத்திரத்தை இன்னொரு கம்பெனிக்காரன் இன்னொருத்தன் பொண்டாட்டி பேருல வித்திருந்தா யார்கிட்டப் போய் மொறையிடுவே? சரி, அதெல்லாம் கெடக்கட்டும். அது எந்தப் பக்கம் உதிக்கி? எத்தனை மணிக்கு அடையுது? அதுவாவது தெரியுமா? முழிக்காத. ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையேன்னு நம்ம பக்கம் ஒரு பேச்சு உண்டு. வித்தவன் ஒருநாளும் மேல பாத்தவன் இல்ல. வாங்குனவனும் இனிமே பாக்கப் போறதில்ல. அப்புறம் என்ன, நல்ல யாவாரம்தான்.

வானத்துல பேரு வெக்கதுக்குன்னே ஒரு சபை இருக்குலே. சர்வதேச வானியல் ஒன்றியம். 1919-ல கூடுனது. அவிய பேரு விக்கதும் கெடையாது, விக்கிறவன் குடுக்குற தாளை ஏத்துக்கிடுறதும் கெடையாது. இதைப் பல தடவை சொல்லிட்டாவ. உன் காதுல விழுந்திருக்காது. காதுலதான் எந்நேரமும் ரெண்டு வெள்ளைக் குச்சியச் சொருகி வெச்சிருக்கியே.

காசு இல்லாம மேல போன பேரு ஒண்ணு சொல்லட்டா? இந்த ஊர்ப் பேருதான். 2019-ல அந்தச் சபைக்கு நூறு வயசு. அதுக்காக நாட்டுக்கு ஒரு நட்சத்திரம், அதைச் சுத்துற ஒரு கிரகம்னு பேரு வெக்கக் குடுத்தாவ. நம்ம நாட்டுக்குக் கெடைச்சது எச்டி 86081. ஜனங்ககிட்டக் கேட்டு, ஓட்டுப் போடச் சொல்லி, கடைசியில 'பிபா'ன்னு முடிவாச்சு. யாரு அந்த பிபா? பிபா சௌதுரி. 1913-ல இந்தக் கொல்கத்தாவுல பொறந்த அம்மா. விண்வெளியில இருந்து விழுற கதிரைப் போட்டோ பிளேட்டுல பிடிச்சு, அதுல என்ன துகள் வருதுன்னு டி.எம். போஸ்கூட உக்காந்து ஆராய்ச்சி பண்ணுனாவ. 1991-ல செத்தாவ. அதுக்கப்புறமும் ரொம்ப காலம் யாருக்கும் அந்தப் பேரு தெரியாது. இன்னைக்கு 340 ஒளியாண்டு தள்ளி அவிய பேருல ஒரு நட்சத்திரம் எரியுது. பிரேமு போட்ட சர்ட்டிபிகேட்டு ஒண்ணும் இல்ல. அந்த நட்சத்திரத்தைச் சுத்துற கிரகத்துக்கு 'சந்தமசா'ன்னு பேரு. அது ஒரு சுத்து சுத்தி வர ரெண்டு நாளும் கொஞ்சமும்தான் ஆகும். நீ அங்க பொறந்திருந்தா ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கேக்கு வெட்டணும்டே. பரிசு வாங்கியே உன் சொத்து கரைஞ்சிரும்.

ஒளியாண்டுன்னதும் ஞாபகம் வருது. "பல ஒளியாண்டா உனக்காகக் காத்திருக்கேன்"னு அந்தப் பிள்ளைக்கு எழுதிக் குடுத்தியாமே? கோட்டிக்காரப் பயலே. அது காலம் இல்லலே, தூரம். வெளிச்சம் ஒரு வருஷம் நிக்காம ஓடுனா எவ்வளவு தூரம் போகுமோ அதான் ஒரு ஒளியாண்டு. 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். நீ எழுதுனதுக்கு அர்த்தம் என்ன தெரியுமா? "உன்கிட்ட இருந்து ரொம்பத் தள்ளி நிக்கேன்"ன்னு. அந்தப் பிள்ளை பி.எஸ்சி. பிசிக்ஸாம். சிரிச்சிருக்கும்.

அன்னைக்கு மாடிப்படியில நின்னு நீ அடிச்ச லெக்சரையும் கேட்டேன். நெபுலாங்க, கேலக்ஸிங்க, சூப்பர்நோவாங்க, கான்ஸ்டலேஷன்ங்க. எனக்கே மூச்சு முட்டுது. கையில இருக்க போனும் கேலக்ஸி. வாட்ஸ்ஆப் படத்துல நெபுலா. சரிடே, நெபுலாவுக்கும் கேலக்ஸிக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா, "ரெண்டும் ஸ்பேஸ்தான் தாத்தா"ங்க. இதுக்கு நாலு லட்சம் பீஸா?

கேளு. பைய, ஒண்ணு ஒண்ணாச் சொல்லுதேன்.

நட்சத்திரம்னா சொந்தமா எரியுறது. சூரியனும் ஒரு நட்சத்திரம்தான், பக்கத்துல இருக்கதால மொறைக்கி. அதுவே பக்கம்னு சொல்லுதோம், அங்க இருந்து வெளிச்சம் வரவே எட்டு நிமிஷத்துக்கு மேல ஆகுது. அதுக்கு அடுத்த நட்சத்திரம் பிராக்ஸிமா, 4.24 ஒளியாண்டு. உள்ளுக்குள்ள ஹைட்ரஜன் அமுங்கி ஹீலியமா மாறுது, மாறும்போது வெளிச்சமும் சூடும் வருது. மினுக்குதே, அது நட்சத்திரத்தோட சேட்டை இல்ல. நம்ம காத்து அங்கிட்டும் இங்கிட்டும் அலையுது, அதுல வெளிச்சம் நடுங்குது. கிரகம் அவ்வளவா மினுக்காது. வெள்ளியையும் வியாழனையும் பாரு, கல்லு மாதிரி நிக்கும். நாள்மீன் வேற, கோள்மீன் வேறன்னு சங்க காலத்து ஆளுகளே பிரிச்சு வெச்சிருந்தாவ. அவியகிட்ட ஆப் இருந்துச்சா?

இப்ப நெறத்துக்கு வா. பாத்ரூம் குழாயில செகப்புன்னா வெந்நி, நீலம்னா பச்சைத்தண்ணி. அதைப் பாத்து வளந்த பய நீ. மேலயும் அப்படித்தான்னு நெனைச்சே, கெட்டே. எங்க ஊரு ஆசாரி உலையில இரும்பைக் காய்ச்சும்போது உக்காந்து பாத்திருக்கணும்டே. மொதல்ல கருஞ்செவப்பு. துருத்திய இன்னும் அமுக்குனா ஆரஞ்சு. பொறவு மஞ்சள். கடைசியில கண்ணு கூசுற வெள்ளை. எந்த நெறத்துல எடுத்து அடிச்சா அருவா ஒடையாதுன்னு அவருக்குத் தெரியும். தெர்மாமீட்டரை அவரு கண்ணால கண்டதில்ல. நட்சத்திரமும் இதே கணக்குதான். திருவாதிரை செவப்பு, 3,300 டிகிரி வாக்குல. நம்ம சூரியன் 5,500. சிரியஸ் வெள்ளை, பத்தாயிரத்தைத் தொடுது. நீலம் அதுக்கும் மேல. அந்த நீலத்துக்கு ஆசாரி உலை போகாது, அதுக்கு முந்தி இரும்பு உருகி ஓடிரும்.

இந்த நெறக் கணக்கை ஏட்டுல ஏத்தி ஒலகத்துக்கே பாடம் எடுத்தவர் யாரு? இதே கல்கத்தா யுனிவர்சிட்டியில வாத்தியாரா இருந்தவருடே. மேகநாத் சாகா. டாக்கா பக்கத்துல சியோராதலின்னு ஒரு கிராமம், அங்க சின்னப் பலசரக்குக் கடை வெச்சிருந்தவர் மகன். 1893-ல பொறந்தவர். வெள்ளைக்காரங்க நட்சத்திர வெளிச்சத்தைப் பட்டகத்துல பிரிச்சு, ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம்னு வரிசை போட்டு வெச்சிருந்தாவ. பட்டியல் இருக்கு. ஆனா ஏன் ஒண்ணு ஒரு மாதிரி இருக்கு, இன்னொண்ணு வேற மாதிரி இருக்குங்கதுக்கு நேரான வெளக்கம் இல்ல. சாகா 1920-ல ஒரு சமன்பாடு போட்டார். சூடு கூடக் கூட அணு எலக்ட்ரானை உதறுது. எவ்வளவு உதறுதுங்கதைப் பொறுத்து வெளிச்சத்துல கோடு மாறுது. ஆக மொத்தம் அந்த எழுத்து வரிசை சூட்டு வரிசைதான்னு ஆகிப்போச்சு. அதை வெச்சுத்தான் 1925-ல சிசிலியா பெய்ன்னு ஒரு அம்மா, நட்சத்திரம் முக்காலே மூணு வீசம் ஹைட்ரஜனும் ஹீலியமும்தான்னு கண்டுபிடிச்சாவ. பெரிய ஆளுக மொதல்ல நம்பல. பொறவு நம்புனாவ.

சாகாவுக்கு இன்னொரு வம்பு வேலையும் குடுத்தாவ. 1952-ல அரசாங்கம் பஞ்சாங்கத்தைச் சீர்திருத்த ஒரு கமிட்டி போட்டு அவரைத் தலைவரா ஒக்கார வெச்சுது. ஊருக்கு ஒரு பஞ்சாங்கம், ஜில்லாவுக்கு ஒரு தீபாவளி. பழைய கணக்குல உத்தராயணம் நெசமான நாளை விட்டு 23 நாள் போல விலகிப் போச்சுன்னு சொன்னாவ. சூரியன் வடக்க திரும்புறது டிசம்பர் 22. நாம பொங்கல் வெக்கது ஜனவரி 14. யாராவது மாத்துனமா? மாத்த மாட்டோம். மாத்துனா கரும்பு எவன் குடுப்பான்? புது தேசியக் காலண்டர் 22 மார்ச் 1957-ல நடைமுறைக்கு வந்துச்சு. அதைப் பாக்க சாகா இல்ல, முந்தின வருஷமே போய்ச் சேந்துட்டாரு. இன்னைக்கும் ராஷ்ட்ரிய பஞ்சாங்கத்தைக் கணிக்கிற ஆபீஸ் இந்த ஊருலதான் இருக்கு. உங்க வீட்டுச் சுவத்துல தொங்குறது எது? வெத்தலைக் கடைக்காரன் குடுத்த காலண்டர்.

சரி, நெபுலாவுக்கு வருவோம். இங்கதான்டே படிச்சவன் எல்லாம் சறுக்குன எடம்.

நெபுலான்னா மேகம். வாயும் தூசியும் சேந்த மேகம். அதுல சிலது நட்சத்திரம் பொறக்குற எடம், சிலது செத்த நட்சத்திரம் விட்டுட்டுப் போனது. இது இன்னைக்குச் சொல்லுத வெளக்கம். அந்தக் காலத்துல வானத்துல எது மங்கலாத் தெரிஞ்சாலும் அதுக்கு நெபுலான்னு ஒரே பேருதான். பிரான்ஸ்ல சார்ல் மெசியேன்னு ஒரு ஆளு. வால்நட்சத்திரம் பிடிக்கதுதான் அவருக்குப் பொழைப்பு. டெலஸ்கோப்பைத் திருப்புனா மங்கலா ஒண்ணு நிக்கும். ஆஹா, வால்நட்சத்திரம்னு துள்ளுவார். மறுநாள் பாத்தா அசையாம அங்கனயே நிக்கும். பாத்தார் மனுசன். எடைஞ்சல் பண்ணுத சாமானுக்கு எல்லாம் நம்பர் போட்டு ஒரு பட்டியல் எழுதிட்டார், இதையெல்லாம் பாத்து ஏமாறாதீகன்னு. 1781-ல அது 103-க்கு வந்து நின்னுச்சு. அவரு தேடுன வால்நட்சத்திரம் இன்னைக்கு யாருக்கு ஞாபகம் இருக்கு? வேண்டாம்னு ஒதுக்குன பட்டியல்தான் நிக்குது. எம் 1, எம் 31, எம் 42ன்னு நீ பீத்திக்கிட்டு ஒப்பிக்கியே, அதுல எம்ங்கது அவர்தான்.

அதுல ஒரு வேடிக்கை. எம் 45 எது தெரியுமா? கார்த்திகை! நம்ம அறுமீன்! அதைப் பாத்து வால்நட்சத்திரம்னு எவன்டே ஏமாறுவான்? எங்க ஆச்சி கண்ணு மங்கின பொறவும் விடியக்காலம் வாசல்ல நின்னு கார்த்திகை எங்கன இருக்குன்னு பாத்துதான் உலை வெப்பா. பட்டியல் பெருசாத் தெரியணும்னு மெசியே அதையும் சேத்துட்டாரோ என்னவோ. பெரிய மனுசங்க பயோடேட்டாவுக்கும் இது புதுசு இல்லயே.

வில்லியம் ஹெர்ஷல்னு இன்னொரு கெட்டிக்காரர். 1781-ல யுரேனஸைக் கண்டுபிடிச்சவர். சில நெபுலா வட்டமா, கிரகம் போலத் தெரிஞ்சுதுன்னு 1785-ல 'கிரக நெபுலா'ன்னு பேரு வெச்சுட்டார். கிரகத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. சூரியன் அளவு நட்சத்திரம் வயசாகி மேல்சட்டையைக் கழத்தி எறியுது, அம்புட்டுதான். தப்புன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா பேரு மாறல. புஸ்தகத்துல, பரீட்சையில, சர்வகலாசாலையில எல்லாம் இன்னும் கிரக நெபுலாதான். நீ தப்பாச் சொன்னா மார்க்கு போச்சு. அவரு தப்பாச் சொன்னா அது கலைச்சொல்லு.

எம் 1 கதையையும் கேட்டுக்க. நண்டு நெபுலா. 1054-ல ஒரு நட்சத்திரம் வெடிச்சு, பட்டப்பகல்ல 23 நாள் தெரிஞ்சுதுன்னு சீனாக்காரன் எழுதி வெச்சிருக்கான். நம்ம பக்கம் அப்ப சோழராச்சியம் கொடிகட்டிப் பறந்த காலம். கோயில் செவத்துல எத்தனை ஆடு, எத்தனை வெளக்கு, எத்தனை நாழி நெய்யின்னு வெட்டி வெச்ச நாம, பகல்ல ஒரு நட்சத்திரம் தெரிஞ்சதை வெட்டி வெச்ச கல்லை நான் இன்னும் பாக்கல. நெய்க்குக் கணக்குக் கேக்க ஆளு இருந்துச்சு, ஆகாசத்துக்குக் கேக்க ஆளு இல்ல போல.

அடுத்தது கேலக்ஸி. இதுதான் பெருசு. பல்லாயிரம் கோடி நட்சத்திரம், வாயு, தூசி எல்லாம் ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டு ஒரு கூட்டமா சுத்துறது. நாம இருக்கது பால்வீதி. குறுக்க ஒரு லட்சம் ஒளியாண்டு. உள்ள குறைஞ்சது 10,000 கோடி நட்சத்திரம். நம்ம சூரியன் நடுவுல இல்லடே, நடுவுல இருந்து 26,000 ஒளியாண்டு தள்ளி ஒரு ஓரத்துல கெடக்கு. பிளாட்டு விளம்பரக்காரன் எழுதுனா 'சிட்டி சென்டருக்கு மிக அருகில்'ன்னுதான் எழுதுவான்.

ஒலகத்துல இருக்க கேலக்ஸி இது ஒண்ணுதானா, வேறயும் இருக்கான்னு 1920-ல அமெரிக்காவுல ஷேப்லின்னு ஒருத்தரும் கர்ட்டிஸ்னு ஒருத்தரும் மேடை போட்டுப் பேசுனாவ. ஆண்ட்ரோமீடாவை அப்ப எல்லாரும் நெபுலான்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாவ, மெசியே பட்டியல்ல எம் 31. 1923 அக்டோபர்ல எட்வின் ஹப்பிள் எடுத்த போட்டோ பிளேட்டுல அதுக்குள்ள ஒரு நட்சத்திரத்தோட வெளிச்சம் கூடிக் கூடிக் கொறையுறது தெரிஞ்சுது. அந்த மாதிரி நட்சத்திரம் கூடிக் கொறைய எத்தனை நாள் எடுக்குதுன்னு தெரிஞ்சா அதோட அசல் வெளிச்சம் தெரிஞ்சிரும், அதை வெச்சுத் தூரத்தைக் கணக்குப் போட்டுரலாம். இந்தச் சூத்திரத்தை 1912-லயே ஹென்ரியெட்டா லெவிட்னு ஒரு அம்மா சொல்லி வெச்சிருந்தாவ. கணக்குப் போட்டாரு. பால்வீதிக்கு வெளிய போய் விழுந்துச்சு தூரம். இன்னைக்குக் கணக்குக்கு 25 லட்சம் ஒளியாண்டு. மேகம்னு நெனைச்சது மேகம் இல்லடே, தனி நாடு.

கான்ஸ்டலேஷன்? அதுல ஒண்ணுமில்ல. ஒரே பக்கமாத் தெரியுத நட்சத்திரத்தை மனுசன் கோடு போட்டுச் சேத்தது. ஒண்ணுக்கொண்ணு ஒறவு கெடையாது. மொத்தம் 88-ன்னு பேரு வெக்கிற அந்தச் சபை எல்லை போட்டு முடிச்சிருச்சு. நம்ம பத்திரிகைக்காரவ இதையும் நட்சத்திர மண்டலம்பாவ, கேலக்ஸியையும் நட்சத்திர மண்டலம்பாவ. படிக்கிறவன் மண்டை காயுது.

முன்னால சொன்ன அந்தக் கூடிக் கொறையுற நட்சத்திரம்னதும் நான் சொல்ல நெனைச்ச ஆளுக்கு வந்துட்டேன். கேலக்ஸியை விடு, இவரைத் தெரிஞ்சுக்க. ராதாகோவிந்த சந்திரா. ஜெசூர்க்காரர், இப்ப அது பங்களாதேஷ். பள்ளிக்கூடப் பரீட்சை எழுதுனார், பெயில். மறுபடி எழுதுனார், பெயில். மூணாவதும் பெயில். கஜானா ஆபீஸ்ல காசு சரிபாக்குற வேலைக்குப் போயிட்டார். பகல்ல துட்டைத் தட்டிப் பாக்கணும், ராத்திரி வானத்தைப் பாக்கணும். 1910-ல ஹாலி வால்நட்சத்திரம் வந்தப்ப பிடிச்ச பித்து. சம்பளத்துல மிச்சம் பிடிச்சு மூணு இஞ்சு டெலஸ்கோப் ஒண்ணு வாங்குனார். 1918-ல கழுகு மண்டலத்துல திடீர்னு ஒரு நட்சத்திரம் பளிச்சுன்னு எழும்புச்சே, அதைத் தானாக் கண்டுபிடிச்ச ஆளுகள்ல இவரும் ஒருத்தர். அமெரிக்காவுல மாறும் நட்சத்திரம் பாக்கவங்களுக்குன்னு ஒரு சங்கம், அதுக்கு இவர் தபால்ல கணக்கு அனுப்ப ஆரம்பிச்சார். இன்ன ராத்திரி, இன்ன நட்சத்திரம், இவ்வளவு வெளிச்சம். அம்புட்டுதான் எழுத்து. அப்படி 37,000-க்கு மேல எழுதுனார்டே. ஒவ்வொண்ணும் சொந்தக் கண்ணால பாத்தது. கொசு கடிச்சிருக்கும், பனி பெய்ஞ்சிருக்கும், வீட்டுல ஏசியிருப்பாவ. அந்தச் சங்கத்துக்காரவ அசந்துபோய் 1926-ல ஆறு இஞ்சு டெலஸ்கோப் ஒண்ணை அங்க இருந்து கப்பல் ஏத்தி அனுப்புனாவ.

தேசம் பிரிஞ்ச பொறவு அவரு இந்தப் பக்கம் வந்துட்டார். 1975-ல போய்ச் சேந்தார். அந்த டெலஸ்கோப் எங்க போச்சு தெரியுமா? வானியல்காரர் வைணு பாப்பு கைக்கு வந்து, கடைசியில நம்ம தமிழ்நாட்டுக்கே போயிருச்சு. சவ்வாது மலையில காவலூர் வானாய்வகம். வங்காளத்துப் பெயிலான பையனுக்கு அமெரிக்காக்காரன் குடுத்தது, திருப்பத்தூர்ப் பக்கம் மலை மேல. நீ ஆன்லைன்ல வாங்குனியே ஒரு டெலஸ்கோப், அது எங்க? பால்கனியில துணி காயுது அது மேல. உங்க அம்மாவுக்கு உதவுது, நல்லதுதான்.

அர்ச்சனைக்குப் போறப்ப குருக்கள் நட்சத்திரம் கேக்காரு. "திருவாதிரை"ன்னு டக்குனு சொல்லுத. அது எங்கன இருக்குன்னு காட்டச் சொன்னா குருக்களையே பாக்க. 2019 கடைசியில இருந்து 2020 பிப்ரவரி வரைக்கும் உன் திருவாதிரை பாதிக்கு மேல மங்கிப்போச்சு, தெரியுமா? பேப்பர்ல எல்லாம் இதோ வெடிக்கப் போகுதுன்னு எழுதுனாவ. ஒண்ணும் வெடிக்கல. அதுவே கக்குன தூசி அதோட மொகத்தை மறைச்சிருக்கு. உன் நட்சத்திரத்துக்கு மேலுக்கு முடியாம கெடந்த அந்த மூணு நாலு மாசமும் நீ எங்க இருந்தே? இப்பச் சொல்லு, உனக்குப் பரிகாரம் வேணுமா, அதுக்கு வேணுமா?

"இந்த ஊருல எங்க தாத்தா நட்சத்திரம் தெரியுது"ன்னு இழுக்காத. பிரின்ஸ் அன்வர் ஷா ரோட்டு வெளிச்சம், மால் வெளிச்சம், பிளைஓவர் வெளிச்சம், எல்லாம் தெரியும். பனிக்காலத்துப் புகையும் தெரியும். நான் வந்த காலத்துல லோடுஷெடிங்னு ஒண்ணு இருந்துச்சு. சாயங்காலம் கரண்டு போனா எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. முதலமைச்சர் ஜோதி பாபு பேரை வெச்சே இந்த ஊர்க்காரன் கேலி பேசுவான், ஜோதி போயிட்டாரு, ஜோதி வந்துட்டாருன்னு. எல்லாரும் பாயைச் சுருட்டிக்கிட்டு மாடிக்குப் போவோம். அந்த வியர்வையில படுத்துக்கிட்டே நட்சத்திரம் பாத்துப் பழகுனவன் நான். இன்வெர்ட்டர் வந்துச்சு, மாடிக்குப் போற வழக்கம் போச்சு.

இப்பவும் தெரியுறது தெரியத்தான் செய்யுது. தை மாசம் ராத்திரி எட்டு மணி வாக்குல நேர உச்சந்தலைக்கு மேல பாரு. அங்க நிக்கும் கார்த்திகை. இது நம்ம ஊருல கெடைக்காத வசதிடே. திருநெல்வேலியில அது கொஞ்சம் வடக்க ஒதுங்கித்தான் போகும், கொல்கத்தாவுல கிட்டத்தட்ட உச்சிக்கே வருது. அதுக்குக் கெழக்க ஆரஞ்சா ரோகிணி, 65 ஒளியாண்டு. இன்னைக்கு உன் கண்ணுல விழுற வெளிச்சம் அங்க இருந்து கெளம்புனப்ப, இங்க பக்கத்துல இருக்க ஏரிக்கு ரவீந்திர சரோவர்னு பேரு மாத்திக் கொஞ்ச காலம்தான் ஆயிருந்துச்சு. 1958-ல மாத்துனது. இன்னும் ஆட்டோக்காரன் லேக்னுதான் சொல்லுதான், அது வேற. ரோகிணிக்குத் தென்கெழக்க வரிசையா மூணு நட்சத்திரம் தெரியும். அதுக்கு மேல செவப்பா இருக்கதுதான் உன் திருவாதிரை. கும்பிட்டுக்க. மூணுக்குக் கீழ தொங்குற சின்ன வரிசையில நடுவுல இருக்கது லேசாப் புகையாத் தெரியும். பைனாகுலர் வெச்சா நல்லாவே தெரியும். அதான் எம் 42, நெபுலா. உன் வாட்ஸ்ஆப் படத்துல இருக்க மாதிரி ரோஸ் கலரும் ஊதா கலரும் இருக்காது. சாம்பல் நெறத்துலதான் இருக்கும். ஏமாந்துட்டேன்னு சொல்லாத. அந்தச் சாம்பல் பல்லவர் காலத்துல கெளம்பி இப்பத்தான் லேக் கார்டன்ஸ் வந்து சேருது.

பத்தரை, பதினோரு மணி வரைக்கும் முழிச்சிருந்தா தெக்க திரும்பு. சிரியஸுக்கு நேர் கீழ, ஆகாசத்து ஓரத்துல ஒண்ணு மினுக்கும். அதான் அகத்தியர். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடி. ஒரு முட்டி பத்து டிகிரி. இங்க அகத்தியர் ஒண்ணரை முட்டி ஒசரம்தான். எங்க பாபநாசத்துப் பக்கம் மூணு முட்டிக்குக் கிட்ட நிப்பாரு. தெக்க போகப் போக அவரு ஏறுவாரு. வடக்க துருவ நட்சத்திரம் நேர் எதிர்: நம்ம ஊருல ஒரு முட்டிகூட வராது, பனைமரத்துக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கும். இங்க ரெண்டு முட்டிக்கு மேல ஏறி ஒக்காந்திருக்கு. பூமி உருண்டைங்கதுக்கு இதை விட என்னடே சாட்சி வேணும்? கோரமண்டல் எக்ஸ்பிரஸ்ல ஏறி எறங்குனாலே தெரிஞ்சு போகுமே. நீ ரெயில்ல பூரா போனைத்தான் நோண்டுத.

கேலக்ஸி இங்க இருந்து கண்ணால தெரியாது, பொய் சொல்ல மாட்டேன். ஊருக்குப் போறப்ப கார்த்திகை மாசத்து இருட்டுல பாரு, ஆண்ட்ரோமீடா விரல் அகலத்துக்கு ஒரு தீத்தலாத் தெரியும். 25 லட்சம் ஒளியாண்டு. வெறுங்கண்ணுக்கு எட்டுறதுல அதை விடத் தூரம் வேற ஒண்ணும் லேசுல கெடையாது.

இன்னைக்கு ராத்திரி மாடிக்குப் போவோமா? மங்கிக் குல்லாவைப் போட்டுக்க, இந்த ஊர்க்காரங்களுக்கு அந்தப் புத்தி மட்டும் ரொம்பச் சரி. மூணாவது மாடிப் பிள்ளையையும் வரச் சொல்லு, உனக்குத் தெரியாததை அவ சொல்லுவா. கீழ்வீட்டு பௌமிக் பாபுகிட்ட ரேஸ்கோர்ஸுக்கு எடுத்துட்டுப் போற பைனாகுலர் ஒண்ணு இருக்கு, கேட்டா குடுப்பாரு. மொட்டைமாடிச் சாவி கமிட்டி செக்ரெட்டரிகிட்ட. நட்சத்திரம் பாக்கன்னு அவர்கிட்டச் சொல்லாத, மீட்டிங் போட்டுத்தான் முடிவு சொல்லுவாரு. தண்ணி டேங்க் ஒழுகுதுன்னு சொல்லு. ஓடி வந்து தொறப்பாரு.